ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

ஹனோய்,
14 ஜூலை 2024

டின்டு அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானம் இறங்கியதும் போன் செய்தேன். நீங்கள் "ம்" என்றீர்கள். "வேற ஒண்ணுமே கேக்கத் தோணலையா" என்று நான் கத்தினேன். நடுவில் டின்டு அழுதாள். இனிப் போனில் அவளோடு மட்டும் பேசிக்கொள்கிறேன், உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். எஸ்டேட் ஆபீஸில் வைஃபை இருக்கிறது, ஈமெயில் பார்க்கவும் தெரியும், அதனால் சாக்கு சொல்ல முடியாது. எழுத்தில் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் மரியாதையாக இருப்போம்.

ராஜஸ்ரீயின் அறையில் தங்கியிருக்கிறேன். என்னோடு பி.எட். படித்த பாலக்காட்டுப் பெண். நம் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியைப் பார்த்துவிட்டு வாழைப்பழம் மட்டும் தின்று போனாளே, அவளேதான். இங்கே குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த நாட்டில் சின்ன ஊரில்கூட ஆங்கிலம் கற்றுத்தரும் சென்டர் இருக்கிறது. ஹனோய், துறைமுக ஊரான ஹைபோங், கடற்கரையில் டாநாங், தெற்கே டாலாட், இதில் எதில் வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம் என்கிறாள். வேலையைவிட ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாம். வேலையை விடலாம், ஊரைத் தினமும் மூச்சில் இழுத்தாக வேண்டும் என்றாள். நிஜம்தான். இங்கே காற்று கனமாக இருக்கிறது. சாலையைக் கடக்க நின்றால் வண்டுக் கூட்டம் மாதிரி பைக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. நிற்காமல் நட, அவர்களே விலகிப் போவார்கள் என்கிறார்கள். முதல் நாள் ஒரு கிழவர் என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எங்கே அறை பார்த்தாலும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து பார்க்கிறேன். ராஜஸ்ரீ நேற்று கேட்டுவிட்டாள்: "நீ ஊரைத் தேடறயா, ஆஸ்பத்திரியைத் தேடறயாடீ?" நான் பேச்சை மாற்றிவிட்டேன். உங்களுக்குத் தெரியும்.

டின்டுவின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை டிவி மேல் வைத்துவிட்டு வந்தேன். பார்த்தீர்களா? நான் அவளைப் பறித்துக்கொண்டு போகவில்லை. பயமில்லாத ஓர் இடத்தில் அவளை வைக்கப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மழை எப்படி?

அஞ்சு

•

மாதா துணை

மேல்சோலை எஸ்டேட், பூப்பாறை,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அஞ்சுவுக்கு ஜிபின் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்து ரொம்ப நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு விரலால் தமிழ் அடிப்பது எனக்கு ஏலக்காய் பொறுக்குவதைவிடக் கஷ்டம். தவிர, மூன்று தடவை எழுதி அழித்தேன்.

டின்டு நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து முத்துப்பேச்சி அக்கா வீட்டில் இருந்துகொள்கிறாள். அக்கா அவளுக்கு மட்டும் தோசையில் நெய் விடுகிறது, தன் மக்களுக்கு விடுவதில்லை. அங்கே அதனால் ஒரு சண்டை நடக்கிறது.

வயநாட்டில் மலை சரிந்த செய்தியை நீ பார்த்திருப்பாய். மறைத்து என்ன ஆகப் போகிறது. அன்றிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தால் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். சுவரில் ஈரம் ஊறினால் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். டின்டு ஷூ போட்டுக்கொண்டு படுக்கிறாள். "எதுக்கும்மா" என்றால், "எந்திரிச்சு ஓடணும்னா ஷூ தேடிட்டு இருக்க முடியுமாப்பா" என்கிறாள். நானும் ஜீப்பை இறக்கம் பார்த்தே நிறுத்தி வைக்கிறேன். மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கிப் பின் சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன். இரண்டு வருடமாகவே அப்படித்தான். உன்னிடம் சொன்னதில்லை.

காகிதத்தைப் பார்த்தேன். டிவி மேலேதான் இருக்கிறது.

அஞ்சு, நீ வகுப்புக்குப் போனால் அந்த ஊரில் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எந்தப் பாஷையில் சொல்வாய்? அந்த நாட்டிலும் புயல் வருமாமே. நீ இங்கே பயப்படுகிறாய். நான் அங்கே என்ன நடக்குமோ என்று நினைத்துப் பயப்படுகிறேன். இதில் யாருடைய பயம் நியாயம் என்று யார் சொல்ல முடியும்?

தொப்பி வைத்துக்கொள். உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

அன்புடன்,
ஜிபின்

•

ஹைபோங்,
6 ஆகஸ்ட் 2024

டின்டு அப்பாவுக்கு,

உடனே கிளம்புங்கள். இன்றைக்கே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போடியில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறது. டின்டு ஷூவோடு படுக்கிறாள் என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேலை போனால் போகட்டும். ஜீப் ஓட்டத் தெரிந்தவனுக்குப் போடியில் வேலை கிடைக்காதா?

நீங்கள் போக மாட்டீர்கள். எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். தெரிந்தேதான் கெஞ்சுகிறேன்.

ஹனோய் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. டின்டுவின் மூச்சுக்கு அந்தக் காற்று ஆகாது. இந்தத் துறைமுக ஊரில் ஒரு சென்டரில் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். மாடியில் தங்க இடமும் உண்டு. கீழ்வீட்டுக்காரப் பெண் பெயர் ஹவா, அவளுக்கு ஒரு கைக்குழந்தை. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் சிவப்புச் சிலுவை தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் சரி என்றேன்.

ஆனால் ஒன்று. சென்டர் மேனேஜர் சின்னப் பையன், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "பெற்றோர் கேட்டால் இந்தியா என்று சொல்ல வேண்டாம் மேடம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்ததாகச் சொல்லுங்கள். உங்கள் பாடத்தில் குறை இல்லை. ஆனால் அவர்கள் வெள்ளைக்காரி எங்கே என்பார்கள்." நான் தலையாட்டிவிட்டேன். இப்போது என் பெயர் "டீச்சர் ஆன்". நேற்று ஒரு பெண் குழந்தை கேட்டாள், லண்டனில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். பெயர் என்ன என்றாள். நம் ஊர் ஆற்றை, 'பன்னியாறு' என்று சொல்லிவிட்டேன். போர்டில் எழுதச் சொன்னாள், எழுதினேன். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படித்தார்கள். வகுப்பு முடியும்வரை, யாராவது கதவைத் திறந்து "நீ யார்" என்று கேட்டுவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போடிக்குப் போங்கள். தயவு செய்து.

அஞ்சு

•

மாதா துணை

மேல்சோலை,
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அஞ்சுவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டின்டு சுகமாக இருக்கிறாள். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை விடியும் நேரம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முத்துப்பேச்சி அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏ சாமி, புள்ளைக்கி மேலு கொதிக்கிதே, வண்டிய எடுங்க" என்றது. எடுத்தேன். கம்பளியைச் சுற்றி முன் சீட்டில் உட்கார வைத்தேன். மழை இல்லை. ஆனால் மஞ்சு நன்றாக இறங்கி ரோட்டை மூடியிருந்தது.

தேயிலைக் காடு முடிகிற வளைவில் யானைகள் நின்றன. ஒன்றல்ல, குட்டியோடு ஒரு கூட்டம். ரோட்டை விட்டு இறங்குகிற எண்ணமே இல்லாமல் நின்றன. ஹார்ன் அடிக்கக்கூடாது, லைட் போடக்கூடாது, அது உனக்கும் தெரியும். இன்ஜினை அணைத்தேன்.

அஞ்சு, காத்திருப்பது என்றால் என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். அதே ரோடு, அதே ஜீப். என் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. மரம் என்றால் மெஷின் இருக்கிறது. யானையை என்ன செய்வது? பின்னால் போய் நெடுங்கண்டம் பக்கம் திருப்பலாமா என்று பார்த்தேன். மஞ்சில் பின்னாலும் ஒன்று நிற்பதுபோல் இருந்தது. மாதாவைக்கூடக் கூப்பிட வரவில்லை. ஆல்பின், ஆல்பின் என்று அவன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. டின்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் தம்பி இல்லப்பா. எனக்கு மூச்சு வருது, பாரு."

நெஞ்சில் என் கையை எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள், "அம்மாட்ட சொல்லாத. அது பயந்துரும்."

குட்டி முதலில் சரிவில் இறங்கியது. பின்னாலேயே மற்றவையும் போயின. போடியில் டாக்டர் மூக்கில் மருந்துப் புகை வைத்தார், ஊசி போட்டார். மத்தியானம் அவளே இட்லி கேட்டாள். உன் அம்மா அழுதுகொண்டே ஊட்டிவிட்டது. அங்கேயே இருந்துவிடச் சொல்லி என் காலைப் பிடிக்காத குறைதான். இரண்டு நாள் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வந்துவிட்டேன்.

ஏன் வந்தேன் என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். அவன் மேல் புல் சீக்கிரம் மூடிவிடுகிறது, சின்ன இடம் இல்லையா. பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. நீ ஒரு தடவைகூட வந்ததில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உனக்கு அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை, எனக்கு அதை விட்டு வர முடியவில்லை. நமக்குள் இருப்பது இது மட்டும்தான், வேறு சண்டை ஒன்றும் கிடையாது.

டின்டு சொல்லாதே என்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் யாரிடமாவது பயந்தேன் என்று சொல்ல வேண்டும் அல்லவா.

ஜிபின்

•

ஹைபோங்,
10 செப்டம்பர் 2024

அன்புள்ள டின்டு அப்பாவுக்கு,

மூன்று நாளாகக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. இன்றுதான் வந்தது. "உயிரோடு இருக்கிறேன்" என்று ராஜஸ்ரீ மூலம் சொல்லி அனுப்பியது கிடைத்ததா?

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த ஜீப்புக்குள் போய்விடுகிறேன். உங்கள் மேல் கோபப்படுவதா, உங்கள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அப்படியே நாள் போய், புயல் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் காற்று ஆரம்பித்தது. நம் மலைக்காற்று மாதிரி விட்டுவிட்டு அடிப்பதில்லை. ஒரே இழுப்பு, யாரோ வீட்டைப் பிடுங்கப் பார்ப்பதுபோல. மாடியில் என் அறை ஜன்னல் கண்ணாடி சட்டத்தோடு உள்ளே வந்து விழுந்தது. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஹவா கீழேயிருந்து கத்தினாள். படிக்கட்டுக்கு அடியில் சாமான் போடும் இடத்தில் நானும் அவளும் குழந்தையும் ஒடுங்கி உட்கார்ந்தோம். அவள் புருஷன் கப்பல் துறையில் மாட்டிக்கொண்டான். குழந்தைக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். என் மடியில் கொடுத்துவிட்டு அவள் தண்ணீர் வராமல் கதவடியில் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குழந்தையின் உடம்பு விறைத்தது. கண் மேலே போயிற்று.

உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி அதோ இருக்கிறது. இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காக. சிலுவை விளக்கு அணைந்திருந்தது, ஆனால் கட்டடம் தெரிந்தது. தெரு முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, அதற்கு மேல் தகரங்கள் பறந்துகொண்டிருந்தன. கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தது. ஹவா என்னைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினாள். நான் அவளைத் திட்டினேன், தமிழில், வாய்க்கு வந்தபடி. "ஏன்டி போக விட மாட்டேங்குற, புள்ள செத்துரும்டி" என்று கத்தினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, அவளும் அழுதாள், ஆனால் பிடியை விடவில்லை.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஈரத் துணியால் துடைத்தோம். விறைப்பு தானாகத் தளர்ந்தது. தூங்கியது. மறுநாள் காலை அவள் புருஷன் மரங்கள் மேல் ஏறி ஏறி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். இப்போது நன்றாக இருக்கிறது. என் துப்பட்டா நுனியைச் சப்புகிறது.

நம் பையனுக்கும் அன்று இப்படித் தளர்ந்திருக்கலாம். தளரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ரோட்டை மறித்துக் கிடந்த அந்த மரத்துக்காக, நெடுங்கண்டம் வழியில் போயிருக்கலாமே என்று இரண்டு வருடமாக உங்களைக் குத்திக்கொண்டே இருந்தேன். இனி அதை என் வாயிலிருந்து கேட்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரி எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தும், என்னாலும் போக முடியவில்லை.

இனி எந்த ஊரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டாலாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்கிறார்கள், நேரில் போய் வா என்கிறாள் ராஜஸ்ரீ. அது மலை ஊர். மஞ்சு உண்டு, வளைந்து வளைந்து ஏறும் ரோடு உண்டு. நான் எதிலிருந்து ஓடி வந்தேனோ அதுவே. மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கையில் இல்லை.

டின்டு நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் அஞ்சு

•

மாதா துணை

மேல்சோலை,
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அஞ்சு,

பார்த்தேன். மூச்சு நன்றாக வருகிறது. ஏன் தினமும் தொட்டுப் பார்க்கிறாய் என்று சலித்துக்கொள்கிறாள்.

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். கணக்குப்பிள்ளை மிக்கேல் அண்ணன், "என்னலே, வீட்டுல ஏதும் விசேஷமா, கண்ணு கலங்குது" என்று கேட்டது. புகை என்றேன். ஆபீஸில் ஏது புகை? அண்ணனும் மேலே கேட்கவில்லை.

குத்தியதாக நீ எழுதியிருக்கிறாய். நீ குத்தாத நாளிலும் எனக்கு அதே நினைப்புதான். இப்போதும் அந்த வளைவில் கியர் மாற்றும்போது இடது பக்கச் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் தூக்கம் வருகிறது.

டாலாட்டை மேப்பில் பார்த்தேன். இத்தனை சமவெளி இருக்கிற நாட்டில் உனக்கு மலையா கிடைத்தது? அந்த ரோட்டிலும் மண் விழுமாமே, போன வருடம் விழுந்ததாகப் போட்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மூன்று நாள் யோசித்தேன். வேண்டாம் என்றால் எந்த ஊர் என்று நீ கேட்பாய். எனக்கு எந்த ஊரைத் தெரியும்? நான் தேனியைத் தாண்டியதே சொற்பம்.

அதனால் ஒன்று செய்தேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு டின்டுவைக் கூட்டிக்கொண்டு கட்டப்பனை பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக்கூடாது என்றார்கள், அவளுக்கு அடக்க முடியவில்லை, மூன்று தடவை எடுத்தார்கள். வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்பா, நான் போனா உனக்கு யாரு இருக்கா?" முத்துப்பேச்சி அத்தை இருக்கு என்றேன். "அது உனக்கு நெய் விடாதே" என்றாள்.

மலை ரோட்டில் பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னால் உட்காராதே, நடு வரிசையில் உட்கார். ஜன்னல் பக்கம் பார்க்காதே. வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்.

ஜிபின்

•

டாலாட்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஜிபினுக்கு,

நடு வரிசையில் உட்கார்ந்தேன். ஜன்னலைப் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. இறங்கி ஓடிவிட வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் முட்டைக்கோஸ் மூட்டை. என்ன ஏது என்று கேட்கவில்லை. என் கையை எடுத்து மூட்டை மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். மேலே வரும்வரை அப்படியே வந்தோம். அவள் பெயர்கூடத் தெரியாது.

பள்ளிக்கூடம் ஒரு சரிவில் இருக்கிறது. தலைமை ஆசிரியை ஐம்பது வயதுப் பெண், பேச்சு குறைவு. எங்கிருந்து வருகிறாய் என்றார். பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இங்கிலாந்து என்று ஆரம்பித்தது. நிறுத்திவிட்டு, "இந்தியா, கேரளா, இடுக்கி. ஏலக்காய்த் தோட்டம். வீட்டில் பேசுவது தமிழ்" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர், "மலைக்காரியா? நல்லது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் குளிரிலேயே ஓடிவிடுகிறார்கள்" என்றார். வகுப்பில் போய் நின்றேன். என் பெயர் அஞ்சு என்று எழுதினேன். யாரும் எந்த ஆற்றையும் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு என் 'ழ'தான் பிடித்திருக்கிறது. இடைவேளையில் வந்து சொல்லிக்காட்டச் சொல்கிறார்கள்.

வேலை அனுமதிக்குப் பள்ளியே விண்ணப்பித்துவிட்டது. டின்டுவுக்கு இடம் உண்டு. வாடகை வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் மண் விழுந்ததுண்டா என்று கேட்டேன், எதிர்வீட்டுக்காரர் ஓடையைக் காட்டி ஏதோ சொன்னார், புரியவில்லை. இரவில் மழை கேட்டால் நானும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பயம் போகவில்லை, ஜிபின். பயமில்லாத ஊர் ஒன்று இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஆனால் இங்கே காலையில் பயந்துகொண்டே எழுந்து பாடம் நடத்தப் போகிறேன். அங்கே என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. இந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எனக்காக ஆல்பினுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். அவன் பெயரை நான் எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கை நின்றுவிட்டு, பிறகு எழுதியது. அம்மா வர மறுத்தாள் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். வர முடியவில்லை என்று சொல்லுங்கள்.

நீங்களும் வாருங்கள். இதைப் போனில் என்னால் கேட்க முடியாது. இங்கே உங்களுக்கு என்ன வேலை கிடைக்கும், பாஷைக்கு என்ன செய்வீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வீர்கள், எதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள்
அஞ்சு

•

மாதா துணை

மேல்சோலை,
17 நவம்பர் 2024

என் அன்புள்ள அஞ்சுவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய்ச் சுற்றிலும் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். டின்டு செவ்வந்தி கட்டினாள். உன் அம்மா போடியிலிருந்து மல்லிகை கொண்டு வந்திருந்தது. அன்றைக்குக் காற்று அதிகம். மெழுகுதிரிகள் நிற்கவே இல்லை. எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறையில் குனிந்து கையைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். உன்னுடையதை டின்டு ஏற்றினாள், நான் ஜெபப் புத்தகத்தைத் திறந்து காற்றை மறைத்தேன். "தம்பி, இது அம்மா குடுத்தது, வர முடியலையாம்" என்று சொன்னாள். நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகவே அப்படிச் சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரர் ஓடையைக் காட்டினார் என்றாயே. மழை பெய்யும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் அங்கே நிற்காதே. மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடு, கீழ்நோக்கி ஓடாதே. இழுப்பு வந்தால் அவளைப் படுக்கப் போடாதே, மடியில் நிமிர்த்தி உட்கார வை. முதுகைத் தடவினால் பிடிக்காது, தலையைத் தடவு. பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். ஷூவைக் கழற்றி வைத்துத் தூங்கச் சொல்லி நான் இன்னும் பழக்கவில்லை. உன்னால் முடிந்தால் பார்.

உன் கேள்விக்கு வருகிறேன். டின்டுவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே எனக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, வராமல் போனால் ஏமாற்றம் என்று. வந்துவிட்டது. மானேஜர் லீவு தந்திருக்கிறார். டிசம்பர் எட்டாம் தேதி ராத்திரி நெடும்பாசேரியிலிருந்து சைகோனுக்கு விமானம், அங்கிருந்து பஸ். பிள்ளையைத் தனியாக அனுப்ப என் மனம் கேட்காது. விமானத்தை நினைத்தால் எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. டின்டு கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

போக இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்பி வர ஒன்று. ஜனவரி இரண்டாம் ஞாயிறுக்கு முந்தின நாள்.

வேறு மாதிரி எழுதத்தான் ஆசைப்பட்டேன், அஞ்சு. நான்கு ஞாயிறு அவனைத் தனியாக விடப் போகிறேன் என்பதையே இன்னும் என்னால் முழுசாக நினைக்க முடியவில்லை. முத்துப்பேச்சி அக்கா, "நான் போயி புல்லு புடுங்குதேன், நீ போயிட்டு வா தம்பி" என்கிறது. அது நம்மைப்போல வேதக்காரி இல்லை, ஆனாலும் கல்லறைக்குப் போகும். நமக்கு இரண்டு பிள்ளைகள். ஒருத்தி உன்னிடம் இருக்கட்டும். ஒருத்தனை நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்குப் பிரிவு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன பெயர் என்றும் தெரியவில்லை.

டிக்கெட் போட்ட பையன் கேட்டான், "திரும்பி வர்ற தேதிய பின்னாடி மாத்திக்கலாம் சார், மாத்துற மாதிரி போடவா, மாத்தாத மாதிரி போடவா?"

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். டின்டு என் முகத்தைப் பார்த்தாள்.

மாற்றுகிற மாதிரியே போடச் சொன்னேன்.

உன்
ஜிபின்